சமையலறையில் அசைவு இல்லை

ஜூலை 14, திங்கள்

மேல்காற்று. காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. மாடியில் காயப்போட்ட துணியில் பாதி எதிர்வீட்டுத் தறிக்கொட்டகைக் கூரையில் கிடக்கிறது. சாரல் எல்லாம் குற்றாலத்தோடு சரி, நமக்குப் புழுதி மட்டும்.

ஆபீஸ் மெயில் வந்தேவிட்டது. ஆகஸ்ட் 11 முதல் எல்லாரும் நேரில் வர வேண்டும், சென்னைக்கு. முடியாதவர்கள் காரணம் எழுதி மேனேஜருக்கு அனுப்பலாம். எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். காரணம் ஒன்றுதான், அப்பா. மாசி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பாளையங்கோட்டையில் ஆபரேஷன். அன்றைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள், இன்னும் இங்கேயே இருக்கிறேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் அவர் ஒரே ஆள். விழுந்த அன்று பால்காரர் வந்து கூப்பிட்டுப் பார்க்கிறவரைக்கும் ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை. எதிர்வீட்டுச் சுடலை அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும். அந்த ஈரத்தரை என் தலையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

இன்று முடித்தவை:
- ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் வைத்தேன். இரும்புக்குப் பின்னால் வைத்தால் சிக்னல் எப்படி வரும். அங்கே வைத்த அறிவாளி நான்தான்.
- அப்பா போனில் இடம் இல்லை என்று புலம்பல். குட்மார்னிங் படங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். முருகனை மட்டும் விட்டுவைத்தேன்.
- மெயிலுக்குப் பதில்: இல்லை.

சாப்பிடும்போது அப்பா, "என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா, நெட் ஸ்லோவா இருக்கு."

எல்லாவற்றுக்கும் இந்தப் பதில் உதவுகிறது.

ஜூலை 15, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. நானும் ஓரிடத்தில் நிற்கவில்லை. மேஜை, சமையலறை, மாடி, மறுபடி மேஜை. டீ எத்தனை என்று கணக்கில்லை.

ஒரு யோசனை. அசைவு கண்டுபிடிக்கிற சென்சார், பழைய வேலைக்காக வாங்கினது, பெட்டியில் சும்மா கிடக்கிறது. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றும் இருக்கிறது (இனிமேல் இதற்குப் பெயர் 'குட்டி'). அப்பா விடிவதற்கு முன் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போய் காபி போடுவார். புயலடித்தாலும் மாறாது. சென்சாரை அங்கே மாட்டினால், ஏழு மணிக்குள் சமையலறையில் அசைவு வந்ததா இல்லையா என்று சென்னையில் இருந்தபடி தெரிந்துகொள்ளலாம். வரவில்லை என்றால் என் போனுக்கு ஒரு செய்தி. அவ்வளவுதான். கேமரா இல்லை, படம் இல்லை. அவருக்கும் கௌரவம், எனக்கும் நிம்மதி.

யோசித்த கையோடு மேனேஜருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டேன், வருகிறேன் என்று. அனுப்பின அடுத்த நிமிஷமே அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று தேடினேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாயிற்று. தெருவில் எந்த வீட்டிலிருந்தோ தேங்காய்ப்பால் வாசம்.

சென்சாரைப் பரண் ஓரத்தில் ஒட்டினேன். முதலில் அடுப்புக்கு நேர் எதிரே வைத்தேன், தப்பு. அடுப்புச் சூட்டையே மனுஷர் என்று எடுத்துக்கொள்கிறது. குறிப்பு: வெப்பம் வருகிற பக்கம் வைக்காதே, ஜன்னல் வெயில் படுகிற பக்கமும் வைக்காதே. கதவு நிலைக்கு மேல், சாய்த்து.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, வாக்கிங் ஸ்டிக்கை மடியில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"இது என்னது, பல்லி முட்ட மாதிரி?"

சொன்னேன். ஸ்டிக்கை மடியிலிருந்து எடுத்து ஊன்றிக்கொண்டு, "நான் காப்பி போட்டேனா இல்லையான்னு மெட்ராஸுக்குத் தெரியணும். சரி." அந்தச் 'சரி' சரியில்லை. தெரியும். கண்டுகொள்ளாத மாதிரி ஸ்க்ரூ முடுக்கினேன்.

ஜூலை 19, சனி

இரண்டு நாளாகக் காலையில் குட்டி செத்துக் கிடக்கிறது. புரோகிராமைப் பார்த்தேன், கேபிள் பார்த்தேன், மெமரி கார்டு மாற்றினேன். பாதி நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் பிளக் அணைந்திருக்கிறது.

அப்பாவின் வேலை. படுக்கப்போகுமுன் வீட்டில் உள்ள சுவிட்ச் ஒவ்வொன்றாகத் தட்டி அணைப்பார். டிவி, மிக்சி, சார்ஜர், எல்லாம். வெளியே போனால் மெயினையே இறக்கிவிடுவார். தாலுகா ஆபீஸ் பழக்கம். கடைசியாகக் கிளம்புகிறவர் மெயினை இறக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும், முப்பத்தைந்து வருஷம் கடைசியாகக் கிளம்பினவர் இவர்.

"அப்பா, இதைத் தொடாதீங்க."

"செவப்பு லைட்டு எரியுதுல்லா?"

"எரியத்தான் செய்யும்."

"எரிஞ்சா கரண்டு ஓடுதுன்னு அர்த்தம். தூங்குத வீட்டுல எதுக்கு ஓடணும்?"

பிளக் மேல் பேப்பர் ஒட்டினேன்: தொடக்கூடாது. ரவுட்டரையும் குட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் மாற்றினேன். இனி மெயினை இறக்கினாலும் ஓடும். புத்திசாலித்தனத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஆபீஸ் வேலை. பார்சல் கம்பெனிக்கான திரை. எந்தப் பார்சல் எங்கே என்று காட்ட வேண்டும். புதிதாகச் சேர்ந்த விக்னேஷ் எழுதின புரோகிராம். வழியில் ஸ்கேன் ஆகாத பார்சல் எல்லாவற்றையும் 'தொலைந்துவிட்டது' என்று காட்டுகிறது. வாடிக்கையாளர்கள் போன் போட்டுத் திட்டுகிறார்களாம். ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். தகவல் வரவில்லை என்பது வேறு, பார்சல் இல்லை என்பது வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதே. பாவம், "சரிங்க மேம், சரிங்க மேம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன்.

சாயங்காலம் வாசல் காலிங்பெல்லைக் கழற்றிவிட்டு கேமரா வைத்த பெல் மாட்டினேன். யார் வந்தாலும் போனாலும் படம் என் போனுக்கு வரும். கேமரா இல்லை என்று நான்தான் எழுதியிருந்தேன். எழுதினது சமையலறைக்கு. இது வாசல். வக்கீல் மாதிரி எனக்கே வாதாடுகிறேன்.

டாக்டர் அப்பாவை வீட்டுக்குள்ளேயும் தெருமுனை வரைக்கும்தான் நடக்கச் சொல்லியிருக்கிறார். அதைத் தாண்டினால் தெரிந்துவிடும் என்பதுதான் உள்ளூரக் காரணம். எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

சுடலை அண்ணாச்சி கேமரா பெல்லைப் பார்க்க வந்தார். விரலால் அதன் கண்ணை மறைத்தார், எடுத்தார், மறைத்தார்.

"ஏட்டி கோமு, நான் இதுக்கு முன்ன நின்னா ஒன் போன்ல தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

"அப்ப இனிமே சட்ட போட்டுக்கிட்டுதான் பேப்பர் வாங்க வரணும்."

அப்பா சிரிக்கவில்லை. பொதுவாக அண்ணாச்சி வாயைத் திறந்தாலே சிரிக்கிறவர்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். போன தீபாவளிக்கு ஊற்றினதோடு சரி போல. குறிப்பு: குழாய்த் தண்ணீர் கூடாது, கடையில் வாங்கினது மட்டும். மிதவைக் கோடு பார்த்து ஊற்று.

தூக்கம் வரவில்லை, ஆனால் வேலையும் ஓடவில்லை. சென்னை அறையில் இருக்கிற பக்கெட் உடைந்ததா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 28, திங்கள்

கோவிலில் கொடியேற்றம். இங்கே வரைக்கும் நாதஸ்வரம். மீட்டிங்கில் மைக்கை மூடியே வைத்தேன். பேசத் திறந்த ஒரு தடவையில் மேனேஜர், "உங்க பக்கம் கல்யாணமா?" என்றார். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேற்றம் என்றேன். அப்படியா என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

தெருவே ஆடிச்சுற்று போகிறது. கொடியேறிவிட்டால் கோவிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். நூற்றொன்று, நூற்றெட்டு, அவரவர் நேர்ந்துகொண்டபடி. ஒற்றைக்காலில் தவம் நிற்கிற அம்பாளின் கால்வலியில் நாமும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. பேச்சி மதினி, சுடலை அண்ணாச்சியின் வீட்டுக்காரி, வாசலில் நின்று கேட்டாள், "மாமா இந்த வருசம் சுத்தலையா?" அப்பா ஸ்டிக்கைத் தூக்கிக் காட்டினார். "எங்க, ஏற்கெனவே மூணு காலு." அவள் சிரித்துவிட்டுப் போனாள். அவர் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னெல்லாம் வருஷம் தவறாமல் சுற்றினவர். அம்மாவும் அவரும்.

திட்டம்: எந்தப் புரோகிராமையும் சோதிக்காமல் வெளியே விடமாட்டோம். இதையும் அப்படியே. புதன்கிழமை திருநெல்வேலியில் செண்பகம் வீட்டில் போய்த் தங்கப்போகிறேன். கல்லூரித் தோழி, எப்போதும் கூப்பிடுகிறாள். நான் இல்லாமல் ஒரு இரவு, ஒரு காலை. குட்டி ஒழுங்காகச் சொல்கிறதா பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் சொன்னதும், "போய்ட்டு வா, போய்ட்டு வா" என்றார். ரொம்பச் சந்தோஷமாக. சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஜூலை 30, புதன்

திருநெல்வேலி பஸ்ஸில். கிறுக்கல் கையெழுத்துக்கு ரோடு பொறுப்பு.

கிளம்பும் முன் புரோகிராமில் ஒரு மாற்றம். இதுவரை குட்டிதான் முடிவெடுத்தது, குட்டி செத்தால் எச்சரிக்கையும் வராது. அதனால் முடிவெடுக்கிறதை வெளியே உள்ள சர்வருக்கு மாற்றிவிட்டேன். ஏழு மணிக்குள் குட்டியிடமிருந்து 'அசைவு' என்ற சேதி வராவிட்டால் உடனே அலாரம். எளிது. இன்வெர்ட்டர் இருப்பதால் குட்டி சாகாது. அப்பாவிடம் ஒரு தடவைக்குப் பல தடவை சொன்னேன், பிளக்கைத் தொடாதீங்க.

"தொடல, தாயே, தொடல."

ஜூலை 31, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். மதியம். நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

காலையில் செண்பகம் வீட்டில் காபித் தம்ளரோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு. செய்தி வந்தது: சமையலறையில் அசைவு இல்லை.

நானே எழுதின வாக்கியம். அதைப் படித்ததும் ஈரத்தரைதான் கண்ணில். அப்பாவுக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. வாசல் கேமராவைத் திறந்தால் தொடர்பு இல்லை என்கிறது. அண்ணாச்சிக்குப் போட்டேன். தறியை நிறுத்திவிட்டு ஓடினார். போனை அணைக்காமலே ஓடினார், எல்லாம் என் காதில் விழுந்தது. கதவைத் தட்டுகிற சத்தம். "மாமா, மாமா." பிறகு, "ஏட்டி, கதவு உள்ள தாப்பா போட்டிருக்கு. உள்ள போன் அடிக்கது கேக்குது. எடுக்க மாட்டேங்காவ."

நான்தான் சொன்னேன். உடைங்க அண்ணாச்சி, உடைங்க என்று. என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. கடப்பாரையால் நெம்புகிற சத்தம், மரம் பிளக்கிற சத்தம், பேச்சி மதினி அழ ஆரம்பித்த சத்தம். செண்பகம் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே யாருமில்லை. குளியலறை காய்ந்து கிடக்கிறது. படுக்கை மடித்து வைத்திருக்கிறது.

அந்த நேரத்தில்தான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல், போனில் எனக்கே கேட்டது.

"என்னவே கூட்டம்? யாரு செத்தா?"

நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஸ்டிக்கும் பூவும். ஆடிச்சுற்று போயிருக்கிறார். என் கேமராவில் விழக்கூடாது என்று முன்கதவை உள்ளே தாழ்போட்டுவிட்டு, கொல்லைக்கதவு வழியாகப் போய், அதை வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான் கூப்பிட்டால் கோவில் சத்தம் கேட்டுவிடும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டார். காபிகூடப் போடவில்லை, வெறும் வயிற்றில் சுற்றுவதாக எண்ணம். கிளம்பும்போது வழக்கம்போல மெயினை இறக்கியிருக்கிறார். ஆளில்லாத வீட்டில் கொய்ங் என்று சத்தம் போடுகிறதே என்று இன்வெர்ட்டரையும் அணைத்திருக்கிறார்.

பிளக்கைத் தொடவில்லை. சொன்ன சொல் காப்பாற்றியிருக்கிறார்.

போனைப் பிடுங்கி என்னிடம் ஒரே கேள்வி. "கொல்லையில பூட்டு தொங்குது. ஒருத்தருக்குமா பாக்கத் தோணல?" வைத்துவிட்டார். திருநெல்வேலியிலிருந்து இங்கே வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பயம் போன பிறகு வருகிற அழுகை. பக்கத்து சீட்டு அம்மா, "யாரும் தவறிட்டாங்களா தாயி?" என்றாள். இல்லை, இருக்கிறார் என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆசாரி வந்து கதவுக்குப் பட்டை அடித்துக்கொண்டிருக்கிறார். தேக்குக் கதவு, அம்மா ஆடி வெள்ளிக்கு மஞ்சள் பூசுவாள். பிளந்த இடத்தில் வெள்ளையாக மரம் தெரிகிறது.

அப்பா என்னோடு பேசவில்லை. ஆசாரியிடம் பேசுகிறார். அண்ணாச்சியிடம் பேசுகிறார். தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் விசாரிக்கிறார்கள். "அய்யா, நல்லாருக்கியளா? நேத்து என்னமோ கேள்விப்பட்டோமே." ஒவ்வொருவருக்கும், "உசுரோட இருக்கேன்" என்று பதில்.

பிழை என்னுடையது. புரோகிராமைத் திறந்து பார்த்தேன். சர்வருக்கு 'அசைவு' என்ற சேதி வரவில்லை, உடனே 'அசைவு இல்லை' என்று எழுதிவிட்டது. அசைவு இல்லை என்பது வேறு, சொல்ல ஆளில்லை என்பது வேறு. விக்னேஷுக்கு ஒரு மணி நேரம் எடுத்த அதே பாடம். அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் போல இருந்தது. கேட்டால் எதற்கு என்று விளக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. வீட்டுக்குள் அடங்கவில்லை.

காபி கொடுக்கப்போனேன். வாங்கிக்கொண்டார். பேசினார். கத்தவில்லை, அதுதான் கஷ்டம்.

"ஏட்டி, நான் முப்பத்தஞ்சு வருசம் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டவன். எப்ப வந்தேன், எப்ப போனேன், எதுக்குப் போனேன். தாசில்தார் செவப்பு மையில வட்டம் போடுவான். ரிட்டையரான அன்னைக்கு மால போட்டாங்க, செயினு போட்டாங்க, எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம், அதுதான் சந்தோசம். நீ இப்ப சமையக்கட்டுல ரிஜிஸ்டரக் கொண்டாந்து வச்சிருக்க."

"விழுந்து கெடந்தீங்கள்லாப்பா. யாருக்கும் தெரியாம."

"கெடந்தேன்."

"என்கிட்ட சொல்லவே இல்ல."

"சொன்னா நீ போவியா?"

நின்றேன். பிறகு கோபம் எனக்கும் வந்தது. டாக்டர் தெருமுனை வரைக்கும் என்றுதானே சொன்னார், கோவில் பிரகாரத்துக்கு எதற்குப் போனீர்கள், வழுக்கினால், கூட்டத்தில் இடித்தால். அம்பாளுக்கு நேர்த்தியா, அப்படி என்ன நேர்த்தி என்று கேட்டேன். நான் சென்னைக்குப் போகாமல் இருக்கணும் என்றுதான் வேண்டியிருப்பார் என்று உள்ளே ஒரு எண்ணம். உண்மையைச் சொன்னால், அப்படி இருக்க வேண்டும் என்று ஆசை.

"நேர்த்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ திருநவேலி போய் டெஸ்ட் பண்ணுதேன்னு போனேல்லா? நானும் டெஸ்ட் பண்ணுனேன். காலு தாங்குதான்னு. தாங்குச்சுன்னா, நீ கெளம்புட்டி, நான் பாத்துக்கிடுவேன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"தாங்குச்சா?"

"பதினொண்ணு சுத்துனேன். நடுவுல நாலு எடத்துல உக்காந்தேன். வலி இருந்துச்சு. விழல." காபியைக் குடித்து முடித்தார். "வந்து பாத்தா வீட்டு வாசல்ல எழவுக் கூட்டம்."

சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு பேருக்கும். நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் வந்தது.

மத்தியானம் முழுவதும் மாடியில் உட்கார்ந்து யோசித்தேன். போகாமல் இருக்க அப்பா ஒரு நல்ல காரணமாக இருந்திருக்கிறார் எனக்கு. சென்னையில் என்ன இருக்கிறது. ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. ஏழு வருஷம் இருந்த அறை. அங்கே தனியாக இருக்க எனக்குத்தான் பயம். இதை இன்றைக்குத்தான் எழுத்தில் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாசல் கேமராவைக் கழற்றிவிட்டேன். பழைய பெல், கிளி கத்துகிற சத்தம், திரும்ப வந்தாயிற்று. அண்ணாச்சிக்கு ஏக நிம்மதி, பனியனோடு வந்து பேப்பர் வாங்கிப்போனார்.

சென்சாரையும் கழற்ற ஏணியில் ஏறினேன். அப்பா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்கிற லட்சணத்துக்கு நான் விழாமல் இருந்தால் சரி.

"அது இருக்கட்டும்" என்றார்.

"என்னப்பா?"

"இருக்கட்டுங்கேன். ஆனா ஒரு கண்டிஷன். மெட்ராஸ்ல ஒன் ரூம்லயும் ஒண்ணு மாட்டு."

"எதுக்கு?"

"நான் எந்திரிச்சேனா இல்லையான்னு நீ பாக்கேல்லா, நீ எந்திரிச்சியா இல்லையான்னு நான் பாக்கணும். எனக்கும் போன் இருக்கு."

ஏணி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"நான் என்னப்பா சின்னப்பிள்ளையா?"

"நான் மட்டும் சின்னப்பிள்ளையா?"

ஏழு வருஷம் அந்த அறையில் நான் எழுந்தேனா, படுத்தேனா, காய்ச்சலில் கிடந்தேனா என்று ஒரு ஜீவனுக்குத் தெரியாது. நல்லாயிருக்கேன்ப்பா என்று போனில் சொல்லிவிட்டால் முடிந்தது. நம்பிக்கொண்டுதான் இருக்கிறார் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூ தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

புரோகிராமைத் திரும்ப எழுதினேன். பழையது முழுவதும் போயிற்று. இப்போது மூன்று பதில்: 'உண்டு', 'இல்லை', 'தெரியவில்லை'. கரண்ட் போனாலோ, வீட்டிலோ போனிலோ நெட் போனாலோ, யாராவது மெயினை இறக்கினாலோ 'தெரியவில்லை'. அதற்கு அலாரம் கிடையாது. கூப்பிட்டுப் பேச வேண்டியது மட்டும். யாரும் யார் கதவையும் உடைக்க வேண்டாம்.

அப்பா போனில் ஒரு சின்னப் பக்கம். அவர் பெயர் ஒரு வரி, என் பெயர் ஒரு வரி. எழுத்துப் பெரிதாக. அவர் கேட்டபடி நிறம் எல்லாம் வேண்டாம். "பச்ச, மஞ்சன்னு போடாத. சிக்னல் மாதிரி இருக்கு."

என் அறைக்கான சென்சார் தயார். பாத்ரூம் போகிற வழியில் மாட்ட வேண்டும், கட்டிலுக்கு எதிரே அல்ல. படுக்கையில் புரண்டாலே 'உண்டு' என்று காட்டினால் ஏமாற்று வேலை.

காலாவதியான சர்வர் சான்றிதழைப் புதுப்பித்தேன். பெட்டி கட்ட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். மறுபடி ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தபசு. ஊரே ரதவீதியில். பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். புளியங்குடி, குருவிகுளம், மேலநீலிதநல்லூர் என்று எல்லாப் பக்கத்துச் சனமும் நடந்து வருகிறது. பருத்தி, மிளகாய்வத்தல் என்று விளைந்ததைக் கொண்டுவந்து சப்பரத்தின் மேல் வீசுகிறார்கள். அப்பாவை அண்ணாச்சி தன் சினேகிதர் கடைப்படியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். நெட் சுத்தமாக இல்லை, இத்தனை சனத்துக்கு டவர் என்ன செய்யும். அப்பா போனை எடுத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் 'தெரியவில்லை'ன்னு காட்டுது" என்றார். ஒரே திருப்தி அவருக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ரயில் கிளம்பிவிட்டது. அப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை, வேண்டாம் என்றேன். வாசலில் நின்றார். கதவில் ஆசாரி அடித்த பட்டை அவர் தோளுக்குப் பக்கத்தில் தெரிந்தது. "போய்ச் சேந்ததும் மொத வேல அத மாட்டு" என்றார். சாப்பாடு கட்டிக் கொடுத்தது, பத்திரமாகப் போ என்றது, எதுவும் இல்லை. அதை மாட்டு. அவ்வளவுதான்.

அழவில்லை. ஜன்னலோரம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சென்னை. புழுக்கம். ஆபீஸில் என் நாற்காலியில் வேறு யாரோ. புது இடம் கொடுத்தார்கள், ஏசிக்கு நேர் கீழே. விக்னேஷை முதல்தடவையாக நேரில் பார்த்தேன். பயந்தபடி எழுந்து நின்றான். உட்காரு, காபி குடிக்கலாம் வா என்றேன்.

அறையில் மாட்டியாயிற்று. வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதால் ஒட்டும் டேப். காலையில் அப்பா: 'உண்டு'. நான்: 'உண்டு'. இரண்டு வரியையும் ஆபீஸ் பஸ்ஸில் ஒருதரம் எடுத்துப் பார்த்தேன். மத்தியானமும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. எழுந்துகொள்ளத் தோன்றவில்லை. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. எழுந்து என்ன செய்ய என்றுதான். ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வாரம் முழுக்க ஓடின ஓட்டம் எல்லாம் இதற்குத்தானா என்று ஒரு எண்ணம், அதற்கு மேல் எண்ணமே இல்லை.

போன்.

"ஏட்டி, எந்திரிக்கலையா?"

"எந்திரிச்சிட்டேன்ப்பா. பல்லு தேச்சிக்கிட்டிருக்கேன்."

"பொய் சொல்லாத. இங்கன 'இல்லை'ன்னு காட்டுது."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவருக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லப்பா."

"மனசா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். அதுவே பதில் மாதிரி ஆகிவிட்டது.

"சரி. போன வைக்காத. பைய எந்திரி. எந்திரிச்சி பாத்ரூம் பக்கம் நட. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

எழுந்தேன். நடந்தேன்.

"ம். 'உண்டு'ன்னு வந்துட்டு" என்றார்.